கூண்டுக்குள் ஒரு தாய்: குட்டி ஈன்ற கினி எலியும் நம் பொறுப்பும்

 

பெருநாள் காசு கையில் சேர்ந்ததும் பிள்ளைகளுக்கு ஆசைகள் பிறக்கின்றன. முன்பெல்லாம் லவ் பேர்ட்ஸும் தொட்டி மீனும் முயலும் கேட்ட பிள்ளைகள், இப்போது கடைகளில் ‘கினி பிக்’ என்று விற்கப்படும் அந்தச் சின்னஞ்சிறு விலங்கைக் கேட்கின்றனர். வாப்பாவும் மறுக்க மனமின்றி வாங்கிக் கொடுத்துவிடுகிறார். ‘தனியாக இருந்தால் ஏங்கிப் போகும், ஜோடியாக வாங்குங்கள்’ என்று கடைக்காரர் சொல்வார். ஆணும் பெண்ணுமாக இரண்டு உயிர்கள் ஒரே கூண்டில் வீடு வந்து சேரும். இரண்டு மாதங்கள் கழித்து ஒரு காலைப் பொழுதில், இரண்டாக இருந்தது ஐந்தாகிவிட்டதைக் கண்டு வீடே திகைக்கிறது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். உம்மாவுக்கோ இவற்றை இனி என்ன செய்வது என்ற கவலை.

இந்தக் கவலைக்கு விடை தேடும் குடும்பங்கள் நம்மிடையே பெருகி வருகின்றன. சில வீடுகளில் குட்டிகள் பிறந்த மறுவாரமே அக்கம்பக்கத்தாருக்குப் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. சில வீடுகளில் எல்லாம் ஒரே கூண்டில் விடப்பட்டு, தாய் மீண்டும் மீண்டும் கருவுற்று மெலிந்து மடிகிறது. இரண்டுமே கெட்ட எண்ணத்தால் நடப்பவை அல்ல, அறியாமையால் நடப்பவை. ஓர் உயிரை வீட்டுக்குள் கொண்டுவருபவர், அதைப் பற்றி அறிந்துகொள்வதையும் தம் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பதே நம் கருத்து. அறிவு சேராத இரக்கம் அந்த வாயில்லா ஜீவனுக்குப் பல வேளைகளில் பயன் தருவதில்லை.

பெயரில் உள்ள பன்றி

முதலில் ஒரு தயக்கத்தை நீக்கிவிடுவோம். ‘கினிப்பன்றி’ என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலர் முகம் சுளிப்பதுண்டு. வீட்டுக்கு வந்த பெரியவர் பெயரைக் கேட்டு அதிர்ந்து, ‘இதை உடனே வெளியே விடுங்கள்’ என்று சொல்வதும் உண்டு. உண்மையில் இவ்விலங்குக்கும் பன்றிக்கும் எவ்வித உறவும் இல்லை. இது எலி, அணில், முள்ளம்பன்றி ஆகியவற்றைப் போன்ற கொறித்துண்ணி வகையைச் சேர்ந்தது. முள்ளம்பன்றியின் பெயரில் பன்றி இருப்பதால் அது பன்றியாகிவிடாதது போலவே இதுவும். தமிழில் சீமைப்பெருச்சாளி என்றும் கினி எலி என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் கினி எலி என்றே குறிப்பிடுவோம்.

இதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி. அங்குள்ள மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை வீட்டு விலங்காகப் பழக்கியவர்கள். 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர் உலகெங்கும் பரவியது. மருத்துவ உலகம் இதற்குப் பெரிதும் கடன்பட்டிருக்கிறது. 1882-இல் காசநோயின் கிருமியை ராபர்ட் காக் உலகுக்கு அறிவித்த ஆய்வில் கினி எலிகளுக்கு முக்கியப் பங்குண்டு. 1907-இல் நார்வே நாட்டின் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் ஆகிய இருவரும் தானியம் மட்டுமே தின்ற கினி எலிகளுக்கு ஸ்கர்வி நோய் வருவதைக் கண்டறிந்தனர். வைட்டமின் சி என்னும் சத்தை மனிதகுலம் கண்டடைந்த பாதையில் அது ஒரு பெரும் படி. மனிதர்கள் நோயிலிருந்து மீள இத்தனை உதவிய ஓர் உயிரினத்தை, பெயரைக் கேட்டு வெறுத்துத் தெருவில் விடுவது நன்றியாகாது.

தெருவில் விடுவது விடுதலையும் ஆகாது. நம் மண்ணில் இவ்விலங்குக்குக் காட்டு வாழ்வு என்று ஒன்று இல்லை. நாய், பூனை, காகம், கடும் வெயில் ஆகியவற்றுக்கு நடுவே அது ஒரு நாளைத் தாண்டுவதே அரிது.

கண் திறந்து பிறக்கும் குட்டி

எலிக்குஞ்சும் முயல்குட்டியும் மயிரின்றிக் கண் மூடிய நிலையில் பிறக்கின்றன. கினி எலியின் நிலை வேறு. அதன் கர்ப்பகாலம் 59 முதல் 72 நாள்கள் வரை நீள்கிறது. கொறித்துண்ணிகளில் இது நீண்ட காலமாகும். அத்தனை நாள் வயிற்றில் வளர்ந்ததால், குட்டி உடல் முழுதும் மயிரோடும் திறந்த கண்களோடும் முளைத்த பற்களோடும் பிறக்கிறது. சில மணி நேரத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஓரிரு நாள்களில் புல்லைக் கடித்துப் பார்க்கிறது. பெரும்பாலும் ஓர் ஈற்றில் இரண்டு முதல் நான்கு குட்டிகள். ஒவ்வொன்றும் சுமார் 60 முதல் 100 கிராம் எடை.

இந்த அழகே பலரை ஏமாற்றிவிடுகிறது. ‘தானாகத் தின்கிறதே, இனித் தாய் எதற்கு?’ என்று எண்ணிக் குட்டியைப் பிரித்துக் கொடுத்துவிடுகின்றனர். குட்டி புல் தின்பது பழகுவதற்கே. முதல் நான்கைந்து நாள்களின் தாய்ப்பால் அதன் உயிருக்கு இன்றியமையாதது. ஏறத்தாழ மூன்று வாரம் வரை அது பால் குடிக்க வேண்டும். பாலோடு முடிவதில்லை தாயின் பணி. குட்டியின் அடிவயிற்றுப் பகுதியைத் தாய் நக்கிவிட்டால்தான் முதல் நாள்களில் அது ஒழுங்காகச் சிறுநீர் கழிக்கிறது. தாயின் புழுக்கையைத் தின்பதன் மூலம்தான் செரிமானத்துக்கு வேண்டிய நல்ல நுண்ணுயிரிகள் குட்டியின் குடலில் குடியேறுகின்றன. நமக்கு அருவருப்பாகத் தோன்றும் செயலில்கூட இறைவன் வைத்துள்ள ஏற்பாடு இது. கூண்டை மிகையாகத் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஈரமும் அழுக்கும் நாள்தோறும் அகற்றப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பிறந்த முதல் நாள்களில் கூண்டையே பிரித்துக் கழுவி, வாசனைத் திரவம் தெளிப்பது தேவையற்றது.

தாயைக் கவனித்தால் குட்டிகள் பிழைக்கும்

குட்டி பிறந்த வீட்டில் எல்லோரும் குட்டியைத்தான் பார்க்கின்றனர். நாம் முதலில் பார்க்க வேண்டியது தாயை. நிறைமாதத்தில் அதன் வயிற்றில் இருக்கும் சுமை, உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டக்கூடும். அந்தச் சுமையோடு நம் ஊர் வெயிலையும் அது தாங்க வேண்டியிருக்கிறது. குளிர்ந்த மலைநாட்டில் தோன்றிய இவ்விலங்குக்கு 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பமே இதமானது. 30 டிகிரியை நெருங்கினாலே வெப்பத்தாக்கு வரும் ஆபத்து உண்டு. கர்ப்பிணிக்கு ஆபத்து இன்னும் கூடுதல். ஆகவே கூண்டை மொட்டைமாடியிலோ தகரக் கூரையின் கீழோ வைக்கலாகாது. காற்றோட்டமுள்ள, நேர் வெயில் படாத அறையில் வைத்து, படுத்துக்கொள்ளக் குளிர்ந்த ஓட்டுத் துண்டோ பக்கவாட்டில் சாய்த்த மண்பானையோ கொடுக்கலாம்.

உணவில் முதலிடம் புல்லுக்கே. இதன் பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. புல்லை மென்று மென்றுதான் அவை தேய்கின்றன. உலர்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். மருந்து தெளிக்காத அருகம்புல்லும் கொடுக்கலாம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் வளரும் குட்டிகளுக்கும் சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசால் சிறிதளவு நல்லது.

மனிதரைப் போலவே கினி எலியாலும் வைட்டமின் சி சத்தைத் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள இயலாது. சாதாரண நாள்களில் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 10 மில்லிகிராம் போதும். கர்ப்பகாலத்தில் ஏறத்தாழ 30 மில்லிகிராம் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த மருந்து தேடி அலைய வேண்டியதில்லை. குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லித் தழை, சிறு கொய்யாத் துண்டு, பெருநெல்லியின் ஒரு கீற்று ஆகியவை நம் சமையலறையிலேயே உள்ளன. இச்சத்தைத் தண்ணீரில் கலந்து வைத்தால் சிறிது நேரத்தில் வீரியம் குன்றிவிடும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ‘நாம் தின்பதில் ஒரு வாய்’ என்று பிள்ளைகள் கொடுக்கும் சோறு, ரொட்டி, பிஸ்கட், பிரியாணி எதுவும் இதன் வயிற்றுக்கு ஏற்றதன்று.

பேறு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாம் அருகில் கூடி நின்று விளக்கடித்துப் பார்க்க வேண்டியதில்லை. நஞ்சுக்கொடியைத் தாய் தின்பது இயல்பே. இருபது, முப்பது நிமிடங்கள் முக்கியும் குட்டி வெளிவராவிட்டால் தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பேற்றுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களிலும் பிந்தைய வாரத்திலும் தாய் உணவை ஒதுக்கி ஒடுங்கிக் கிடந்தால், அது ‘சோர்வு’ என்று விட்டுவிடத்தக்கதன்று. கர்ப்பகால நச்சேற்றம் என்னும் நோய் ஓரிரு நாளில் உயிரைக் கொண்டுபோய்விடும். வீட்டில் மீந்திருக்கும் மருந்தைக் கொடுப்பது அதைவிடத் தீங்கு. பென்சிலின், அமாக்சிசிலின் போன்று மனிதருக்குச் சாதாரணமாகத் தரப்படும் மருந்துகள் கினி எலியின் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து, அதையே கொன்றுவிட வல்லவை.

குட்டிகளின் முதல் மூன்று வாரங்கள்

தாய்க்கு இருப்பவை இரண்டே முலைக்காம்புகள். மூன்று நான்கு குட்டிகள் பிறந்தால் வலுவற்ற குட்டி பின்தங்கிவிடும். இதைக் கண்ணால் மட்டும் பார்த்து அறிய இயலாது. சமையலறைத் தராசில் நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு குட்டியையும் நிறுத்துக் குறித்துவைப்பதே எளிய வழி. முதல் ஓரிரு நாளில் எடை சற்றுக் குறையலாம்; பிறகு நாளும் ஏறிக்கொண்டே வர வேண்டும். தொடர்ந்து குறையும் குட்டியை மற்றவற்றிலிருந்து சிறிது நேரம் விலக்கி, தாயோடு தனியே விட்டால் அதற்கும் பால் கிடைக்கும். இந்தக் கணக்குப் புத்தகத்தைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். அமானிதம் என்றால் என்ன என்பதை அவர்கள் அதிலிருந்து கற்றுக்கொள்வார்கள்.

மனிதக் கை பட்டால் தாய் குட்டியை ஒதுக்கிவிடும் என்ற அச்சம் கினி எலிக்குப் பொருந்தாது. ஆயினும் குட்டியை எடுப்பவர் தரையில் அமர்ந்தே எடுக்க வேண்டும். நின்றபடி எடுக்கும் சிறு பிள்ளையின் கையிலிருந்து துள்ளி விழும் குட்டி பிழைப்பது கடினம். கூண்டுக் கம்பிகளின் இடைவெளி வழியே குட்டி நழுவிவிடாதபடி அட்டையோ வலையோ சுற்றிக் கட்ட வேண்டும். தண்ணீர்க் குப்பியின் முனை குட்டிக்கும் எட்ட வேண்டும்.

தாய் இறந்துவிட்டால், பாலூட்டும் வேறொரு கினி எலி இருந்தால் அதனிடம் விடலாம். அவை பிறர் குட்டிகளையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்பவை. அதுவும் இல்லையெனில் உடனே மருத்துவரின் ஆலோசனை வேண்டும். இரக்கப்பட்டுப் பசும்பாலை வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்க் குட்டியைக் கொன்றுவிடும்.

பிரிப்பது இரக்கமா, கொடுமையா?

நம் வாசகர்களில் பலருக்கு மனம் தடுமாறும் இடம் இது. பயணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகை விரித்துத் தவித்ததையும், அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் தாயிடமே திருப்பிவிடுமாறு பணித்ததையும் அபூதாவூதில் இடம்பெறும் அறிவிப்பின் வழியே நாம் அறிவோம். அப்படியிருக்க, கினி எலிக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கலாமா?

பால் குடிக்கும் நாள்களில் பிரிப்பது அந்தப் போதனைக்கு நேர்மாறானது என்பதில் நமக்கு ஐயமில்லை. பத்து நாள் குட்டியை நண்பரின் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுப்பதும், ‘சின்னதாக இருக்கும்போதே விற்றால்தான் விலை’ என்று கடைக்குக் கொடுப்பதும் நம் வீடுகளில் நிற்க வேண்டும்.

ஆனால் 21 நாள்கள் முடிந்த பின் நிலைமை மாறுகிறது. ஆண் குட்டி ஏறத்தாழ மூன்று வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடுகிறது. தன் தாயையே, உடன்பிறந்த பெண் குட்டியையே அது கருவுறச் செய்துவிடும். பெண் குட்டிகளோ நான்கைந்து வாரத்தில் கருத்தரிக்கக்கூடியவை. ஆகவே மூன்று வாரம் நிறைந்ததும் ஆண் குட்டிகளைத் தனிக் கூண்டுக்கு மாற்றியே ஆக வேண்டும். பெண் குட்டிகள் தாயோடு தொடர்ந்து வாழலாம். ஆண் குட்டிகள் ஒன்றோடொன்றோ தகப்பனோடோ வாழலாம். இவை கூட்டமாக வாழ்பவை என்பதால் எதையும் தனியே அடைக்கலாகாது. ஸ்விட்சர்லாந்தில் 2008-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகள் கினி எலியைத் துணையின்றித் தனியாக வளர்ப்பதையே தடை செய்துள்ளன.

தகப்பனின் நிலையும் இதுவே. ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மீண்டும் கருத்தரிக்கும் இயல்புடையது. பேற்றுக்கு முன்பே ஆணை வேறு கூண்டுக்கு மாற்றாவிட்டால், ஒரு பக்கம் பாலூட்டிக்கொண்டும் மறுபக்கம் அடுத்த ஈற்றைச் சுமந்துகொண்டும் அந்த உடல் தேய்ந்துபோகும். ஆண்டுக்கு ஐந்து ஈற்று, ஈற்றுக்கு மூன்று குட்டி என்று கொண்டாலும் பதினைந்து குட்டிகள். எந்த வீடு அத்தனையையும் காக்கும்?

‘இயற்கையாக நடப்பதை நாம் ஏன் தடுக்க வேண்டும்? ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் அல்லவா?’ என்று சிலர் கேட்கின்றனர். இரண்டடிக் கூண்டில் இயற்கை என்று எதுவும் இல்லை. காட்டில் தாய்க்கு ஓடி ஒதுங்க இடமுண்டு, வளர்ந்த ஆண் வேறு திசைக்குப் போக வழியுண்டு. அந்த வழிகளை அடைத்தவர் நாம். அடைத்தவரே அதற்கு ஈடாக இன்னொரு கூண்டை வைக்கக் கடமைப்பட்டவர்.

இன்னும் ஒரு செய்தி. ஆறேழு மாதம் கடந்தும் ஈனாத பெண் கினி எலியின் இடுப்பெலும்பு இணைப்பு இறுகிவிடுகிறது. அதன்பின் முதன்முறை கருவுற்றால் பேறு நடவாமல் தாயும் குட்டிகளும் இறக்கும் ஆபத்து பெரிது. ‘ஒரு முறையாவது குட்டி போடட்டுமே’ என்று பிள்ளைகளின் ஆசைக்காக வயதான பெண்ணோடு ஆணைச் சேர்ப்போர் இதை அறிய வேண்டும்.

‘ஓர் எலிக்கு இத்தனையா?’

மனிதக் குழந்தைகளே பசியில் வாடும் காலத்தில், ஓர் எலியின் பேற்றுக்கு இத்தனை பக்கம் எழுத வேண்டுமா என்று கேட்போரின் கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. மனிதரின் பசி முதன்மையானது என்பதை நாமும் ஏற்கிறோம். ஏழை உறவினர் இருக்க, பல்லாயிரம் செலவில் அயல்நாட்டு விலங்குகளை வாங்கிக் குவிப்பது நமக்கும் உடன்பாடன்று. அந்தக் கேள்வியைக் கடைவாசலில் கேட்க வேண்டும். வாங்கிய பின் கூண்டருகில் நின்று கேட்பதால் பயனில்லை.

பூனையை அடைத்துவைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். ஊரிலுள்ள பூனைகளுக்கெல்லாம் அவள் உணவளிக்கவில்லை என்பது அவள்மீதான குற்றச்சாட்டன்று. ஒன்றைக் கட்டிவைத்தாள்; உணவும் கொடுக்கவில்லை, தானே தேடித் தின்னவும் விடவில்லை. அடைத்த கணத்தில் பொறுப்பு அவள்மீது வந்து சேர்ந்துவிட்டது. நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது: தன் பொறுப்பிலுள்ள விலங்குக்குப் போதிய உணவும் நீரும் உறைவிடமும் தராதிருப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

விற்போருக்கும் இதில் பங்குண்டு. நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்த வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நம் வணிகர்கள் நன்கறிவர். ஏற்கெனவே கருவுற்ற பெண்ணை அதைச் சொல்லாமல் விற்பதும், பாலினம் பார்க்கத் தெரியாமலே ‘இரண்டும் பெண்’ என்று கொடுப்பதும் அதே வகையில் சேராதா?

எனவே நம் வேண்டுகோள் எளியது. கினி எலி வாங்க எண்ணுவோர் ஒரே பாலினத்தில் இரண்டை வாங்குங்கள். பாலினத்தை மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழக்கூடிய உயிர் இது. பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போன பின்னும் அது வீட்டில் இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே ஈன்றுவிட்டது என்றால், ஆணை இன்றே பிரியுங்கள். தாய்க்குப் புல்லும் நெல்லியும் நிழலும் கொடுங்கள். குட்டிகளை மூன்று வாரம் தாயிடம் விடுங்கள். இருபத்தோராம் நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கொடுப்பதானால், இவை அனைத்தையும் எடுத்துச் சொல்லி, இரண்டிரண்டாகக் கொடுங்கள்.

அல்லாஹ் தன் அருளை நூறு பங்குகளாக்கி, அதில் ஒன்றை மட்டுமே பூமிக்கு இறக்கினான் என்றும், தன் குட்டியை மிதித்துவிடாதிருக்க ஒரு விலங்கு குளம்பை உயர்த்துவதும் அந்த ஒரு பங்கினால்தான் என்றும் நபிமொழி நமக்குக் கற்பிக்கிறது. அந்தப் பங்கு அந்தச் சிறு கூண்டுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. வாயில்லா உயிர்களின் உரிமையை அறிந்து நிறைவேற்றும் நல்லடியார்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.